அட்சதையும் அன்டூ பட்டனும்

கேள்வி இதுதான்: "யூஎக்ஸ் டிசைன் படிக்கிறேன். மத நம்பிக்கைக்கும் பயனர் அனுபவ வடிவமைப்புக்கும் நிறைய ஒற்றுமை இருக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். புது ஐபோனுக்காக ராத்திரி முழுக்க வரிசையில் நிற்பவர்களைப் பக்தர்களோடு ஒப்பிட்டதைத் தவிர வேறு எதுவும் விளக்கவில்லை. உண்மையிலேயே ஒற்றுமை இருக்கிறதா? இருந்தால் எங்கே?"

இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் இல்லை.

அந்த ஒப்பீட்டை முதலில் முடித்துவிடலாம். கணினித் துறை மதத்திடமிருந்து தாராளமாகச் சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறது. 1980களில் ஆப்பிள் ஊழியர் கை கவாசாகி அந்தக் கம்பெனியின் மெக்கின்டாஷ் கணினிக்கு ஆள் சேர்க்கப் போனபோது அவர் பார்த்த வேலையின் பெயரே 'இவாஞ்சலிஸ்ட்', அதாவது நற்செய்தி சொல்பவர். 1994இல் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ ஒரு பத்திரிகைப் பத்தியில் மெக்கின்டாஷைக் கத்தோலிக்கம் என்றும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க வேண்டிய டாஸைப் புராட்டஸ்டன்ட் என்றும் எழுதினார். ஒன்று கையைப் பிடித்துப் படிப்படியாக மோட்சத்துக்குக் கூட்டிப்போகும். இன்னொன்று வேதத்தை நீயே படித்துப் பொருள் கண்டுகொள் என்று விட்டுவிடும். நல்ல பகடி. டீ குடிக்கும்போது பேச நன்றாக இருக்கும். ஆனால் அதெல்லாம் பிராண்ட் பற்றிய பேச்சு. ஒரு திரையை எப்படி அமைப்பது என்று யோசிக்கிறவனுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

பதினாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரையில் ஒற்றுமை இருக்கும் இடம் வேறு. சாதாரண ஆள் ஒருவர் தப்பு செய்யும்போது, மறக்கும்போது, கையில் வேண்டியது இல்லாதபோது அவரை என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறதே, அங்கேதான். இதைப் பழைய மதங்கள் பல நூற்றாண்டுகளாக யோசித்திருக்கின்றன. நாங்கள் யோசிக்க ஆரம்பித்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தால் அதிகம். 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டு வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் ஆப்பிளில் சேர்ந்ததே 1993இல்தான்.

எங்கள் வீட்டு விநாயகர் சதுர்த்தியைச் சொல்கிறேன். வாத்தியார் கிடைக்காத வருஷங்களில் அப்பா டேப் ரெக்கார்டரில் பூஜை விதி கேசட்டைப் போட்டுவிடுவார். கேசட் யாருக்காகவும் நிற்காது. அப்பா அருகம்புல்லை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே அது தூபத்துக்குப் போய்விடும். பாஸ் பட்டனை அமுக்கும் பொறுப்பு என்னுடையது. ஷோடசோபசாரம் என்று பதினாறு உபசாரங்கள்: ஆசனம், பாத்யம், அர்க்கியம், வஸ்திரம், ஆபரணம் என்று வரிசையாகப் போகும். வஸ்திரம் வந்ததும் பஞ்சில் திரித்த மாலையைச் சாத்துவார். அடுத்து ஆபரணம். பிள்ளையாருக்கு நகை போட எங்கள் வீட்டில் வழியில்லை. கேசட்காரருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருந்தது. "ஆபரணார்த்தம் அக்ஷதான் சமர்ப்பயாமி" என்று அவரே சொல்லிவிடுவார். ஆபரணத்துக்குப் பதிலாக அட்சதை. அப்பா பித்தளைத் தட்டிலிருந்து நாலு மஞ்சள் அரிசியை எடுத்துப் போடுவார். பூஜை நகர்ந்துவிடும்.

"நகைக்குப் பதிலா அரிசியா?" என்று ஒரு தடவை கேட்டேன். பாட்டி சொன்னது: "இல்லாததுக்கெல்லாம் அட்சதைதான்டா. மனசுல நெனச்சுண்டு போடு."

பல வருஷம் கழித்து ஒரு வங்கிக்கணக்குத் திறக்கும் ஆப்பைச் சோதித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். படிவத்தில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டுக்கும் கட்டாயம் நிரப்பு என்று சிவப்பு நட்சத்திரம். நம் ஊரில் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? இனிஷியல்தான் உண்டு. அவர் 'எம்' என்று போட்டார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது திரை. அப்பா பெயரை முழுசாகப் போட்டார். அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்றது. முற்றுப்புள்ளி வைத்துப் பார்த்தார். செல்லாத எழுத்து என்றது. மூன்று தடவையும் கட்டம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "என் பேரையே தப்புங்குது தம்பி" என்றார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் திருத்தியவர். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் பாட்டியின் அட்சதைதான் ஞாபகம் வந்தது. பதினாறு கட்டம் உள்ள பூஜைப் படிவத்தில் ஒன்றுக்குக்கூடச் சிவப்பு நட்சத்திரம் கிடையாது. எந்தக் கட்டத்தையும் காலியாக விட வேண்டாம், எந்தக் கட்டத்துக்காகவும் முழுப் பூஜையும் நின்றுபோக வேண்டாம்.

இது இந்துச் சடங்குகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விஷயத்தில் இஸ்லாமியத் தொழுகைச் சட்டம் இன்னும் துல்லியமானது என்று சொல்வேன். தொழுகைக்கு முன் ஒளூ, அதாவது தண்ணீரால் முகம் கை கால் சுத்தம், செய்ய வேண்டும். தண்ணீர் இல்லையா, அல்லது தண்ணீர் பட்டால் நோய் அதிகமாகுமா? தயம்மும் செய்யலாம், சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்திலும் கைகளிலும் தடவிக்கொள்வது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்காரவும் முடியாதவர் படுத்தபடி தொழலாம், அதற்கும் முடியாதவருக்குச் சைகை போதும். பயணத்தில் இருப்பவருக்கு நாலு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுகை இரண்டாகச் சுருங்கும். எங்கள் தொழிலில் இதற்குக் 'கிரேஸ்ஃபுல் டிகிரடேஷன்' என்று தனிப் பெயரே உண்டு: இணையம் மெதுவாக இருந்தாலும், போன் பழசாக இருந்தாலும், முக்கியமான வேலை மட்டும் நடக்கும்படி படிப்படியாக இறங்கிக்கொடுப்பது. அணுகல்தன்மை, அதாவது உடல் இயலாதவர்களும் பயன்படுத்தும்படி அமைப்பது, பற்றி மூன்று நாள் பயிற்சி நடத்துகிறோம். தயம்மும் பற்றி ஒரு பள்ளிவாசல் இமாமிடம் அரைமணி நேரம் பேசினால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

தப்பு நடந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தொழுதுகொண்டிருக்கும்போது மூன்றாவது ரக்அத்தா நாலாவதா என்று சந்தேகம் வந்தால், உறுதியாகத் தெரிந்த குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மிச்சத்தை முடித்து, கடைசியில் மறதிக்காக இரண்டு சஜ்தா (நெற்றி தரையில் பட வணங்குவது) செய்தால் சரியாகிவிடும். இதன் பெயர் சஜ்தா சஹ்வு. மறதிக்கென்றே ஒரு சடங்கு! முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்வதில்லை. இதை, ஒன்பதாவது பக்கத்தில் இருக்கும்போது 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது' என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதல் பக்கத்துக்குத் தள்ளும் விண்ணப்பங்களோடு வைத்துப் பாருங்கள். பூஜையின் கடைசியிலும் 'மந்திரஹீனம் க்ரியாஹீனம் பக்திஹீனம்' என்று ஒரு மன்னிப்பு வருமே, அதுவும் இதுதான். மந்திரத்தில் பிசகு, செய்கையில் பிசகு, ஏன் பக்தியிலேயே பிசகு இருந்தாலும் முழுமையாக ஏற்றுக்கொள் என்று கேட்பது. செய்கிறவன் நிச்சயம் எங்கேயாவது கோட்டை விடுவான் என்பது சடங்கை அமைத்தவருக்குத் தெரியும். யூத மரபில் இன்னும் ஒரு படி மேலே: பஸ்கா பண்டிகையன்று தீட்டாலோ தூரப் பயணத்தாலோ பலி செலுத்த முடியாதவர்களுக்கு, சரியாக ஒரு மாதம் கழித்து இரண்டாம் பஸ்கா வைத்திருந்தார்கள்.

1980இல் இணையத்தின் அடிப்படை விதிகளை எழுதிக்கொண்டிருந்த ஜான் போஸ்டல், தரவை அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்ற கருத்தை அதற்குள் எழுதிவைத்தார். அந்தத் தாராளம்தான் இணையத்தை ஓடவைத்தது என்று இன்றும் பல பொறியாளர்கள் சொல்வார்கள். இறைவனுக்கு ஒரு பச்சிலை போதும் என்று திருமூலர் சொன்னதைப் போஸ்டல் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

தப்பை மன்னிப்பது ஒரு பக்கம். தப்பே வராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பக்கம். இதில் நம்மிடம் இருக்கும் சரக்கு ஏராளம், யாரும் டிசைன் வகுப்பில் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம். வேதத்தைக் கனபாடமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு, ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று முன்னும் பின்னுமாகப் பின்னுவார்கள். பிறகு ஒரு சொல் நகர்ந்து மறுபடியும். எழுதிவைக்காமல் வாய்வழியாகவே கைமாறிய நூலில் ஒரு சொல் உதிர்ந்தாலோ இடம் மாறினாலோ உடனே இடறும். தரவில் பிழை நுழைந்ததா என்று சரிபார்க்கக் கணினிக்காரர்கள் வைக்கும் செக்சம் என்பதன் மனித வடிவம் இது. அந்தாதியும் அப்படித்தான்: ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு ஆரம்பம். நூறு பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் ஒருவருக்கு அடுத்த பாட்டின் தலையை இந்தப் பாட்டின் வாலிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். ஞாபகத்தில் தேடவைக்காதே, கண்ணில் படும்படி காட்டு என்பது எங்கள் துறையின் அரிச்சுவடிப் பாடம். காதில் படும்படி காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தேவாரத்தைப் பண்முறை, தலமுறை என்று இரண்டு வகையாகத் தொகுத்திருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பாடுகிற ஓதுவாருக்குப் பண்ணின் வரிசை வேண்டும். ஊர் ஊராகப் போகிற அடியாருக்கு ஊரின் வரிசை வேண்டும். சரக்கு ஒன்று, தேடும் ஆள் இரண்டு வகை, ஆகவே அடுக்கும் இரண்டு. இதையே ஒரு நிறுவனத்தில் புரியவைக்க எனக்கு ஒருதடவை ஆறு மீட்டிங் ஆயிற்று.

அடுத்தது காத்திருப்பு. கோயிலில் அலங்காரம் நடக்கும்போது திரை போட்டிருக்கும். எதிரே இருநூறு பேர் நிற்பார்கள். 'என்ன ஆச்சு, கோயில் வேலை செய்யவில்லையா' என்று யாரும் கேட்பதில்லை. திரை என்றாலே உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். நடுவில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும். அப்புறம் மணி. மணிச் சத்தம் கேட்டதும் வெளிப் பிரகாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தவரும் நடையை எட்டிப் போட்டு ஓடி வருவார். ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் அடிப்பதால்தான் அந்த மணிக்கு மரியாதை. நம் போனில் அடிக்கிற மணிக்கு அந்த மரியாதை உண்டா?

பயனர் அனுபவ ஆய்வாளர் ஜேகப் நீல்சன் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் தானே செய்ததுபோல இருக்கும். ஒரு விநாடி வரை யோசனை அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் ஆள் கவனத்தை வேறெங்காவது கொண்டுபோய்விடுவார், அதனால் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டியே ஆக வேண்டும். ஒரு சோதனையில் நடுத்தர வயது அம்மா ஒருவர் பணம் செலுத்தும் பட்டனை அமுக்கினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒரு வார்த்தை இல்லை, எண் இல்லை, வெறும் வட்டம். ஆறு விநாடி, ஏழு விநாடி. அவர் போனை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கூப்பி "முருகா" என்றார், பாதி விளையாட்டாகத்தான். பிறகு பொறுக்காமல் பின்னால் போய் மறுபடியும் அமுக்கினார். சோதனைப் பணம் இரண்டு தடவை கழிந்தது. பக்கத்திலிருந்த சக ஊழியர், "பாத்தீங்களா, நம்ம ஆப் மேல அவங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தது முருகன் மேல். எங்கள் ஆப் மேல் இல்லாததால்தான் முருகனைக் கூப்பிட்டார்.

உங்கள் கேள்வியின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. தமிழில் நம்பிக்கை என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேலை வாங்குகிறோம். கடவுள் நம்பிக்கை என்கிறோம். நம்பிக்கையான ஆள், கடன் கொடுக்கலாம் என்கிறோம். நம்பிக்கையோட இரு, ரிசல்ட் நல்லா வரும் என்கிறோம். ஆங்கிலத்தில் ஃபெய்த், டிரஸ்ட், ஹோப் என்று மூன்றும் தனித்தனி. முதலாவது, பதில் வராதபோதும் நிற்பது. கூப்பிட்டுக் கூப்பிட்டு விடை கிடைக்காத ஏக்கத்திலிருந்தே நம் பக்திப் பாடல்களில் பாதி பிறந்திருக்கிறது. இரண்டாவது அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படுவதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது அது, ஒரு தடவை பொய்த்தாலும் கரைந்துவிடும். டிசைனருக்குச் சம்பாதிக்கக் கிடைப்பது இந்த இரண்டாவது வகை மட்டும்தான். முதல் வகையைப் பயனரிடம் எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம். கடவுள் மௌனமாக இருந்தால் அதற்குத் தத்துவம் உண்டு. சர்வர் மௌனமாக இருந்தால் அது கோளாறு.

டீக்கடைகளில் யூபிஐ பணம் வந்ததும் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டி இருக்கிறதே, சமீபத்தில் நான் பார்த்த நல்ல டிசைன்களில் அது ஒன்று. மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே இருப்பார், திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பெட்டி 'இருபது ரூபாய்' என்று சொன்னதும் தலை லேசாக ஆடும். கோயில் மணி செய்கிற வேலைதான், இங்கே தொகையையும் சேர்த்துச் சொல்கிறது.

மறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது சிலை அல்ல, தங்க வில்வ மாலைகள் தொங்கும் வெளி. சிதம்பர ரகசியம் என்று அதைப் பழமொழியாகவே ஆக்கிவிட்டோம். அங்கே திரையும் ஒரு பொருள், வெற்றிடமும் ஒரு பொருள். நாங்கள் திரைக்குப் பின்னால் வைப்பது ஆயிரம் வரிப் படிவமும் மூன்று கம்பெனிகளின் ஒப்பந்தமும். இரண்டையும் மறைத்தல் என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட முடியாது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த ஹீரோ, கோயிலுக்காக ஒரு தீர்த்த இயந்திரத்தை விவரித்திருக்கிறார். மேலே காசைப் போட்டால் உள்ளே ஒரு தட்டில் விழும். தட்டு தாழ, நெம்புகோல் அடைப்பைத் தூக்கும், தண்ணீர் வரும். காசு சறுக்கி விழுந்ததும் நின்றுவிடும். பீடத்தில் நெருப்பு மூட்டினால் தானே திறக்கும் கோயில் கதவையும் அவர் விவரித்திருக்கிறார். தீர்த்த இயந்திரத்தில் நீங்கள் செய்ததும் கிடைத்ததும் கண்முன்னே இருக்கின்றன. கதவு திறப்பதில் காரணத்தை ஒளித்துவைத்து அதிசயம் ஆக்கியிருக்கிறார். எங்கள் தொழிலில் இன்றும் இந்த இரண்டு கட்சியும் உண்டு. நான் தீர்த்தக் கட்சி.

காரணம் தெரியாதபோது மனிதர்கள் சடங்கை உண்டாக்கிக்கொள்கிறார்கள். மனிதர்கள் மட்டுமல்ல. 1948இல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், பசித்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் இரை வரும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று மேல் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. தட்கல் டிக்கெட் எடுக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் 9:58க்குத்தான் லாகின் செய்வார், ஒருவர் மொபைல் டேட்டாவுக்கு மாறுவார், என் மைத்துனர் நாற்காலியையே மாற்ற மாட்டார். லிஃப்ட் சீக்கிரம் வர பட்டனை ஐந்து தடவை அமுக்குவதும் இந்தக் கணக்குதான். நியூயார்க்கில் சாலையைக் கடக்க அமுக்கும் பட்டன்கள் சுமார் 3,250இல் 2,500க்கு மேற்பட்டவை எந்தத் தொடர்பும் இல்லாத வெறும் பட்டன்கள் என்று 2004இல் செய்தி வந்தது. சிக்னலைக் கணினி பார்த்துக்கொண்டது. பட்டனைக் கழற்றச் செலவாகும் என்று அப்படியே விட்டிருந்தார்கள். ஜனங்கள் அமுக்கிக்கொண்டேதான் இருந்தார்கள். ஒரு ஆப்பைச் சுற்றி இப்படிச் சடங்குகள் முளைத்தால் அதைப் பக்தி என்று கொண்டாடாதீர்கள். எங்கே காரணத்தைச் சொல்லாமல் விட்டோம் என்று தேடுங்கள்.

ஒற்றுமை முறியும் இடம் ஒன்று உண்டு, அது சிரமம். எங்கள் தொழிலில் சிரமம் என்றாலே எதிரி. ஒரு தட்டல் குறைந்தால் கேக் வெட்டுவோம். சபரிமலைக்குப் போகிறவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? 41 நாள் விரதம், செருப்பில்லாத கால், தலையில் இருமுடி, கடைசியில் பதினெட்டுப் படி. பம்பை வரை பஸ் போகிறது, இருந்தாலும் எருமேலியிலிருந்து காட்டுவழி நடப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பயணத்திலிருந்து சிரமத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு மலைவாசஸ்தலம். தரிசன வரிசைக்கு ஆன்லைன் பதிவு வைப்பது சரி, அது வீண் சிரமத்தைக் குறைக்கிறது. விரதத்தை 'ஸ்கிப்' செய்யும் பட்டன் வைத்தால் அது டிசைன் ஆகாது. வீண் சிரமம் எது, பொருளுள்ள சிரமம் எது என்று பிரிக்கிற கண் எங்களில் பலருக்கு வரவே இல்லை. பெரிய தொகையை அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டி ஒரு நிமிஷம் நிறுத்தும் திரையைக்கூட 'வேகத்தடை' என்று எடுத்துவிடச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இருட்டான ஒற்றுமையையும் சொல்லாமல் விடக்கூடாது. மைன்ஸ் நகரில் 1454, 55 வாக்கில், பைபிள் அச்சாகிக்கொண்டிருந்த அதே சமயத்தில், கத்தோலிக்கத் திருச்சபையின் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளும் அச்சாயின. பெயருக்கும் தேதிக்கும் இடம் காலியாக விட்டு, காசு கொடுத்தவர் பெயரைக் கையால் எழுதிக்கொடுப்பார்கள். அச்சில் வந்த ஆரம்பகால 'ஃபார்ம்'களில் அது ஒன்று என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். நம் ஊரில் போஸ்ட்கார்டு வரும், ஞாபகம் இருக்கிறதா? இதை இத்தனை பேருக்கு எழுதிப் போடு, போட்டவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார் என்று. அதுவே இன்று 'வேண்டாம், என் குடும்பத்தின் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்லை' என்று காப்பீடு விற்கும் திரையில் சாம்பல் நிற எழுத்தாக இருக்கிறது. டிசைனர் ஹாரி பிரிக்னல் 2010இல் இந்தத் தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். இந்தியாவில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைகளைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. குற்றவுணர்வைத் தூண்டி ஒப்புக்கொள்ளவைப்பது அதில் ஒன்று. கேட்காமலே கூடையில் நன்கொடையைச் சேர்ப்பதும் ஒன்றில் அடங்கும். கோயில் தீபாராதனைத் தட்டில் முன்கூட்டியே இரண்டு ஐம்பது ரூபாய் நோட்டைப் போட்டு வைத்துக்கொண்டு வருவார்களே, அது எந்த வகையில் வரும் என்று தெரியவில்லை. ஆனால் வேலை செய்கிறது, பத்து ரூபாயை எடுத்த கை பர்ஸுக்குத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, டிசைனர்களாகிய எங்களுக்கே ஒரு மதம் உண்டு. மூன்று கிளிக்கில் எதையும் எட்டிவிட வேண்டும் என்பது அதில் ஒரு கட்டளை. 2003இல் டிசைன் ஆய்வாளர் ஜோஷுவா போர்ட்டர் பயனர் சோதனைத் தரவுகளை எடுத்துப் பார்த்து, கிளிக் எண்ணிக்கைக்கும் ஆட்கள் பாதியில் விட்டுப் போவதற்கும் தொடர்பில்லை என்று காட்டினார். இன்றும் மீட்டிங்கில் அந்தக் கட்டளையை ஓதுகிறார்கள். மெனுவில் ஏழு சங்கதிக்கு மேல் கூடாது என்பது இன்னொன்று. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதியது ஒரு தடவை கேட்டதும் எத்தனையை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல முடியும் என்பது பற்றி. கண்முன்னே விரிந்து கிடக்கும் மெனுவை யாரும் மனப்பாடம் செய்யப்போவதில்லை. இந்த மதத்தில் எனக்குப் பிடித்த பக்தர் லாரி டெஸ்லர். கட், காப்பி, பேஸ்ட்டை நமக்குக் கொடுத்தவர்களில் ஒருவர், ஜெராக்ஸ் கம்பெனியின் 'பார்க்' ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ஒரே விசை ஒரு நேரம் ஒன்றும் இன்னொரு நேரம் வேறொன்றும் செய்யும்படி நிலைகளை வைக்காதே என்பது அவர் வாழ்நாள் கொள்கை. கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டிருந்தார். 'முருகன் துணை' என்று எழுதுவோமே, அப்படி. ஆனால் அவர் அந்தக் கொள்கைக்கு வந்தது ஆட்களைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கவனித்து. ஓதுகிறவருக்கும் அவருக்கும் உள்ள தூரம் அது.

வகுப்புக்கு இதைப் பற்றி ஏதாவது எழுதித் தர வேண்டியிருந்தால், ஐபோன் வரிசையை விட்டுவிடுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் வாசலிலும், சாயங்காலம் ஒரு பெரிய கோயிலிலும், ஞாயிறு காலையில் ஒரு தேவாலயத்திலும் ஓரமாக நின்று பாருங்கள். அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், போனை உள்ளே வையுங்கள். முதல்முறை வந்தவர் யார் என்று எப்படித் தெரிகிறது, அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார், தப்பாகச் செய்யும்போது பக்கத்திலிருப்பவர் என்ன செய்கிறார், இந்த மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கோயிலில் செருப்பு விடும் இடத்தில் டோக்கன் தருவார்கள், அதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக அட்சதை கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.